மேட்டில் நீர் நில்லாது

(யூபிலி ஆயத்தத் தியான நாளன்று நம் பங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆலயத்தில் ஆற்றிய உரை)





யூபிலி ஆண்டு மகிழ்ச்சியின் ஆண்டு. ஆலயத்துக்கு வெள்ளையடித்தாயிற்று, கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாயிற்று, பந்தற்காலும் நட்டாயிற்று. இந்த நேரத்தில் பாவத்தைப் பற்றிப் பேசும்படி பங்குத்தந்தை அவர்கள் என்னைப் பணித்தபோது, 'கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்கச் சொல்கிறாரே' என்று முதலில் நினைத்தேன். பிறகு வேதாகமத்தைத் திறந்து யூபிலி பற்றிய பகுதியைப் படித்தேன். பழைய ஏற்பாட்டில் ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. அடிமைகள் விடுதலை பெறுவார்கள். கைமாறிப்போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். அந்த ஆண்டுக்கான எக்காளம் எந்த நாளில் ஊதப்பட்டது தெரியுமா? பாவப் பரிகார நாளில்! மக்கள் பாவத்தை அறிக்கையிட்ட பிறகுதான் யூபிலியே பிறந்தது. ஆகவே பங்குத்தந்தை அவர்கள் என்னிடம் கேட்டது சரிதான் என்று தெளிந்து, இங்கே நிற்கிறேன்.

அன்பர்களே! சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தோம். அந்த ஏழில் முதலாவது ஆங்காரம். ஏன் அது முதலில் நிற்கிறது என்று அன்று நாம் கேட்கவில்லை. கேட்டால் உபதேசியாரின் பிரம்பு பதில் சொல்லும்! எழுபதைத் தாண்டிய வயதில்தான் எனக்குக் காரணம் புரிகிறது. மற்ற பாவங்களைச் செய்கிறவன் இருட்டைத் தேடுகிறான். திருடன் விளக்கை அணைக்கிறான். குடிகாரன் வாயை மூடிக்கொண்டு வருகிறான். ஆங்காரம் கொண்டவனோ விளக்கைப் போடச் சொல்கிறான். புனித அகுஸ்தீனார் இதை நன்கு கண்டறிந்தவர். மற்றத் தீமைகள் தீய செயல்களில் குடியிருக்கும். ஆங்காரம் மட்டும் நற்செயல்களுக்குள் பதுங்கியிருந்து அவற்றை அழிக்கும் என்பது அவருடைய எச்சரிக்கை. அப்படியானால் அது எங்கே அதிகமாக நடமாடும்? சாராயக் கடையிலா? அல்ல. கோயிலில்தான்! குறிப்பாகத் திருவிழா நேரத்தில்தான்!

நம் ஆண்டவர் சொன்ன உவமையைப் பாருங்கள். லூக்காஸ் நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் இருவர் கோயிலுக்குச் செபிக்கப் போகிறார்கள். பரிசேயன் பொய் சொல்லவில்லை. அவன் வாரத்தில் இரு முறை நோன்பிருந்ததும் உண்மை. பத்தில் ஒரு பங்கைக் கொடுத்ததும் உண்மை. அவன் குற்றம் வேறு. கடவுளைப் பார்க்க வேண்டிய கண்ணால் பின்னால் நின்ற ஆயக்காரனைப் பார்த்தான். தான் உயரமாக இருப்பதற்கு ஒருவன் தாழ நிற்க வேண்டியிருந்தது. இங்கேதான் ஆங்காரத்தின் சூட்சுமம் இருக்கிறது. போசனப்பிரியனுக்குச் சோறு போதும். உலோபிக்குப் பணம் போதும். ஆங்காரத்துக்கு மட்டும் தனக்குக் கீழே ஓர் ஆள் வேண்டும். கீழே ஆள் இல்லாவிட்டால் அது பட்டினி கிடந்து செத்துவிடும். ஆகவே எப்படியாவது ஓர் ஆளைக் கீழே நிறுத்தப் பார்க்கிறது.

இன்று நம் ஊர்ப்புறத்தில் அது எப்படி வேலை செய்கிறது? நமக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு உபயம் செய்கிறோம். அந்த விளக்கின் மேல் நம் பெயரையும், தகப்பனார் பெயரையும், வாங்கிய பட்டத்தையும் எழுதி, விளக்கில் பாதி வெளிச்சத்தை நாமே மறைத்துவிடுகிறோம்! திருவிழாவுக்கு மாதாவின் படம் போட்ட பதாகை வைக்கிறோம். அதில் மாதா ஒரு சாண், நாம் ஒரு முழம். பிள்ளைகளோ திவ்ய நற்கருணை வாங்கித் திரும்புமுன் கைப்பேசியில் தங்கள் முகத்தைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறோம். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. வீடு கட்டும்போது அடுத்த வீட்டைவிட ஒரு முழம் உயரமாக மண் அடித்து மனையை உயர்த்துகிறோம். கௌரவம் என்கிறோம். மழை வந்தால் நம் வாசல் தண்ணீரெல்லாம் அடுத்த வீட்டுக்காரன் அடுப்பங்கரைக்குப் போகிறது. அன்பர்களே, ஆங்காரத்துக்கு இதைவிடச் சரியான படம் எனக்குத் தெரியாது. நம் உயரத்துக்கு விலை கொடுப்பவன் பக்கத்து வீட்டுக்காரன்.

நாம் பாகூர் சீமைக்காரர்கள். தண்ணீரின் குணம் நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. தென்பெண்ணையின் நீரைப் பங்காரு வாய்க்கால் வழியே ஏரிக்குக் கொண்டுவந்து, ஏரியிலிருந்து வயலுக்குப் பாய்ச்சி, நம் முன்னோர் இந்த மண்ணை நெற்களஞ்சியமாக்கினார்கள். நீர் எங்கே போகும்? பள்ளத்தைத் தேடிப் போகும். மேட்டில் நீர் நில்லாது. தேவ வரப்பிரசாதமும் அப்படித்தான். உயர்ந்து நிற்கும் மனதின் மேல் எவ்வளவு பொழிந்தாலும் வழிந்தோடிவிடும். தாழ்ந்த மனதில் தங்கும்.

இனி, கொஞ்சம் கசப்பான செய்திக்கு வருகிறேன். நம் மண்ணில் ஆங்காரம் எடுத்த பெரிய அவதாரம் எது? சாதி. அது தனி ஒருவனின் ஆங்காரம் அல்ல. ஒரு தெருவே சேர்ந்து வளர்த்து, பிள்ளைக்குச் சொத்தைப் போல எழுதி வைக்கும் ஆங்காரம். அது கோயிலுக்கு வெளியே செருப்போடு நின்றுவிட்டதா? இல்லை. உள்ளே வந்து சுவராகவே எழும்பியது. நான் கற்பனை சொல்லவில்லை. புதுச்சேரியின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

பிரெஞ்சுக் கம்பெனியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்லர், வைணவர். புதுச்சேரி சம்பா கோவிலில் நடந்த ஒரு சம்பவத்தை 1745 அக்டோபரில் அவர் எழுதி வைத்திருக்கிறார். கோவிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. பறையர் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒரு புறம். சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் மறுபுறம். அந்த ஏழை மக்கள் ஒன்றுகூடிக் குருவானவரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் எல்லாரையும் ஒன்றாகப் பாவிக்க வேண்டாமா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் மனம் பொறுக்காமல் கொதித்தெழுந்தார்கள். நம் வீட்டுச் சண்டையை வெளியார் ஒருவர் எழுதி வைக்கும் நிலைக்கு வந்தோமே என்று இதைப் படிக்கும்போது எனக்கு வெட்கமாயிருந்தது.

அந்தச் சுவர், திருச்சபை அறியாமல் நடந்த தவறு என்றும் நாம் தப்பிக்க முடியாது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1704-ல், பாப்பரசரின் பிரதிநிதியாக வந்திருந்த தூர்னோன் ஆண்டகை இதே புதுச்சேரியிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் சென்று தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. சாகக் கிடப்பவன் வீட்டு வாசற்படியைத் தாண்டுவதற்கே ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால், நோய் யாருக்கு இருந்தது? படுத்திருந்தவனுக்கா, வெளியே நின்றவர்களுக்கா? 1744-ல் 14-ஆம் ஆசீர்வாதப்பர் என்ற பாப்பரசர் இந்த விவாதத்துக்கு முடிவு கட்டி, அந்த ஆணையை உறுதிப்படுத்தினார். அடுத்த ஆண்டில்தான் சம்பா கோவில் சுவர் விழுந்தது.

அதே 1745-ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. மே மாதம் 14-ஆம் நாள், திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நீலகண்ட பிள்ளை என்பவர் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்ந்த குலம், அரச மரியாதை, எல்லாம் இருந்தவர். அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். எருமை மேல் ஏறியவர் இன்று பீடத்தில் நிற்கிறார். மேலே நின்று சிரித்தவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

ஆயினும் ஆங்காரம் அவ்வளவு எளிதில் சாகாது. அந்தப் புனிதர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் சாதிக்கொரு பக்கமாக ஆலயம் கட்டி நடுவே சுவரும் வைத்தார்கள்! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அதை இடித்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. சாதியின் பேரால் கோயிலில் தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. குருவானவர் சொல்லிக் கேளாததை நீதிபதி சொல்ல வேண்டியிருந்தது.

'இதெல்லாம் பழங்கதை, வாத்தியாரே' என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். நம் புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதையொட்டி மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போயிற்று. ஒரே செபமாலை சொல்கிறவர்கள்! அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2003 நவம்பரில், உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இந்தச் சாதிப் பாகுபாட்டைக் குறிப்பிட்டே கண்டித்துப் பேசியிருந்தார். நம் சிற்றூர்களின் சண்டை உரோமாபுரி வரை தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியாததுபோல் இருக்கிறோம்.

அன்பர்களே! இதுவரை பிறர் பாவத்தைப் பேசினேன். அது எளிது. பரிசேயனும் அதைத்தான் செய்தான். இனி என் பாவத்தைச் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இதைச் சொல்லிவிட்டேன். ஆனால் ஊரறியச் செய்ததை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று என் மனச்சாட்சி விடவில்லை.

1984-ல் எனக்கு வயது முப்பத்திரண்டு. விழாக் குழுவின் காரியதரிசியாக இருந்தேன். அந்த ஆண்டு காலனித் தெரு மக்கள், தேர் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டம் கூடியது. பெரியவர்கள் ஒருவரும் 'வரக்கூடாது' என்று வாய் திறந்து சொல்லவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். படித்தவன் அல்லவா! நான் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, 'தெரு குறுகலாக இருப்பதாலும், முனையில் தேர் திரும்பாது என்பதாலும், கோரிக்கையை ஏற்க இயலவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அறுப்புக் காலத்தில் அந்த முனையில்தான் வைக்கோல் வண்டிகள் திரும்பும். எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

திருவிழா இரவு தேர் அந்தத் தெரு முனையைத் தாண்டிப் போயிற்று. அங்கே ஒரு மூதாட்டி, என் தாயைவிட வயதில் மூத்தவர், கையில் மெழுகுவர்த்தியோடு நின்றார். தெரு முழுக்கச் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். நான் அவரைப் பார்த்து, "ஓரமா நில்லு, தேர் போகட்டும்" என்றேன். அந்த வயதுக்காரரிடம் 'நில்லு' என்றேன்; எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். அவர் கோபிக்கவில்லை. "வாத்தியாரய்யா, மாதா வரலன்னா என்னங்க, நாங்க இங்கயே நின்னு கும்பிட்டுக்கறோம்" என்றார். மெழுகுவர்த்தி அணையாதபடி முந்தானையால் மறைத்துக்கொண்டார். நான் தேரின் பின்னே கம்பீரமாக நடந்து போனேன். அந்த ஆண்டு திருவிழா மிகச் சிறப்பாக நடந்ததாக எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

நாற்பது ஆண்டுகள் போயின. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம்மருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகிவந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. மனையை உயர்த்திக் கட்டியவர்களில் நானும் ஒருவன். ஆற்றுக்கு என் மனையின் உயரம் தெரியவில்லை. கட்டிலில் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் காலனித் தெருப் பிள்ளைகள் டிராக்டரோடு வந்தார்கள். என்னையும் என் மனைவியையும் தோளில் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்கள். பெரிய தெருவில் மரம் விழுந்து கிடந்ததால் அவர்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. நான் எழுதி வைத்த அந்த முனை வந்தது. டிராக்டர், பின்னால் இணைத்த பெட்டியோடு, ஒரே வளைவில் திரும்பியது.

நான் அழுதேன். குளிரில் நடுங்குகிறேன் என்று நினைத்து ஒரு பிள்ளை தன் துண்டை என்மேல் போட்டான். பிறகு விசாரித்தேன், அந்த மூதாட்டியின் பேரன். பாட்டி இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் கல்லறையில் இருக்கிறார். ஆகவே இன்று, அவர் வழியினர் முன்னிலையில், கைகூப்பிக் கேட்கிறேன்: என்னை மன்னித்துவிடுங்கள்.

சகோதர சகோதரிகளே! நாம் ஆண்டுதோறும் வில்லியனூர் லூர்து அன்னையிடம் நடந்து போகிறோம். 1877-ல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த அந்தச் சுரூபத்தின் முன் முழந்தாளிடுகிறோம். லூர்து நகரில் 1858-ல் தேவமாதா யாருக்குக் காட்சி கொடுத்தார்கள்? மாளிகையில் இருந்தவர்களுக்கா? பிழைப்பிழந்த ஆலைக்காரனின் மகள், பழைய சிறைக்கூடத்தின் ஒற்றை அறையில் குடியிருந்தவள், எழுத்தறியாதவள், பதினான்கு வயது பெர்நதெத். பாவிகளுக்காகத் தவம் செய் என்ற அழைப்பைக் கேட்டு, எல்லாரும் பார்க்கச் சேற்றைத் தோண்டி அந்தக் கலங்கல் நீரைக் குடித்தாள். ஊர் சிரித்தது. அந்தச் சேற்றிலிருந்துதான் இன்றும் வற்றாத ஊற்று பிறந்தது. பின்னாளில் மடத்தில் சேர்ந்த அவள், பெருக்கி முடித்தபின் கதவுக்குப் பின்னால் வைக்கப்படும் துடைப்பத்துக்குத் தன்னை ஒப்பிட்டாள். அந்தத் துடைப்பத்தை 1933-ல் திருச்சபை பீடத்தில் ஏற்றியது. அதே வில்லியனூரில் நம் இந்து சகோதரர்களின் திருக்காமீசுவரர் தேரைப் பாருங்கள். பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து இன்றைய துணைநிலை ஆளுநர் வரை, ஆட்சியாளரும் கூலிக்காரரும் ஒரே வடத்தைப் பிடித்து இழுக்கிற வழக்கம் அங்கே இருக்கிறது. வடத்தைப் பிடிக்கக் குனிய வேண்டும். நிமிர்ந்து நின்றால் தேர் நகராது.

ஆகவே இந்த யூபிலிக்கு மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, உபயதாரர் கல்வெட்டு. ஆலயத்துக்கு மண் சுமந்தவர்கள், செங்கல் அறுத்தவர்கள், கைப்பிடி அரிசி கொடுத்தவர்கள் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? எல்லார் பெயரும் பொறிக்க இடமில்லை என்றால், ஒருவர் பெயரும் வேண்டாம். 'பங்கு மக்கள்' என்ற இரண்டு சொல் போதும்.

இரண்டாவது, சொல். வயதில் மூத்தவர் எந்தத் தெருவில் பிறந்தவராயினும், 'வாங்க, உட்காருங்க' என்று நம் பிள்ளைகள் சொல்லட்டும். காசு செலவில்லாத பரிகாரம் இது. ஆனால் நாக்குக்கு மிகவும் கனமானது. எனக்குத் தெரியும்.

மூன்றாவது, தேர். 1984-ஆம் ஆண்டின் தீர்மானப் புத்தகத்தைத் தேடி எடுத்துவந்திருக்கிறேன். என் எழுத்து இன்னும் அழியாமல் இருக்கிறது. அதன் கீழே, 'நான் எழுதியது பொய். தெரு குறுகல் அன்று, எங்கள் மனம்தான் குறுகல்' என்று எழுதிக் கையொப்பமிட்டுப் பங்குத்தந்தையிடம் இன்று ஒப்படைக்கிறேன். இந்த யூபிலித் திருவிழாவில் தேர் புறப்பட்டதும் முதலில் திரும்ப வேண்டியது அந்த முனையில்தான் என்று விழாக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். முடிவு உங்களுடையது. ஒன்று மட்டும் சொல்வேன். கடைசி இரா உணவின்போது நம் ஆண்டவர் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்று அருளப்பர் எழுதுகிறார். கடவுளே அவ்வளவு கீழே இறங்கிவிட்ட பிறகு, நாம் எந்த மேட்டில் நின்றுகொண்டு அவரைத் தேடப் போகிறோம்?

அந்த முனையில் இந்த முறை யார் மெழுகுவர்த்தி பிடித்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இறைவன் ஆயுள் கொடுத்தால், நான் அங்கே ஓரமாக நிற்பேன்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. மரியே வாழ்க!